ஜோதிமணிக்கு யாரும் கை குடுக்கல

எல்லாரும் எப்படி இருக்கீங்க? உடம்பெல்லாம் சௌக்கியமா? எங்க ஒசூர் பக்கம் காலைல பனி, மத்தியானம் வெயிலு, சாயந்திரம் தூறலுன்னு ஒரே நாள்ல எல்லாம் வந்துட்டுப் போவுது. வீட்டுக்கு வீடு சளி. காதுக்குத் துணி கட்டிக்கிட்டு வெளிய போங்க, சுடுதண்ணி குடிங்க. சக்கரை இருக்கறவங்க மாத்திரைய மறக்காதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். முட்டி மட்டும் அதும்பாட்டுக்கு வலிக்குது, அத யாரு கேக்கறா.

இன்னிக்கு எழுத வந்தது என் பேத்தி சுவேதாவோட கபடி விஷயம். எழுதலாமா வேணாமான்னு நாலஞ்சு நாளா யோசிச்சேன். மனசுக்குள்ள வெச்சிருந்தா சோறு எறங்கல, எழுதிடறேன்.

சுவேதா பத்தாவது படிக்கறா. பொம்பளைப் பிள்ளைங்க ஸ்கூலு. அங்க கபடி டீமுல இவ கார்னரு. கார்னருன்னா ஓரத்துல நிக்கற ஆளு. எதிர் டீமுக்காரி பாடிக்கிட்டு உள்ள ரெய்டு வந்தா, அவ கணுக்கால பாஞ்சு புடிக்கணும். தனியா புடிக்க முடியாது. பக்கத்துல நிக்கற பொண்ணு கையக் கோத்துக்கிட்டுத்தான் நிக்கணும். அந்தக் கைதான் இவளுக்கு பலம். இவ எட்டிப் பாயறப்ப அவ இழுத்துப் புடிச்சிக்குவா, தப்பிச்சிப் போறவள இவளோட சேந்து அமுக்குவா. டிவில பாத்திருப்பீங்களே, அதேதான்.

டீமு ஜெயிச்சி, கிருஷ்ணகிரில மாவட்ட மேட்ச்சுக்குப் போவுதுன்னு சேதி வந்துச்சு. அங்க ஆடறத பாத்து மாவட்ட டீமுக்கு பிள்ளைங்கள எடுப்பாங்களாம். அந்த டீமுல சேந்தா ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல எடம் கெடைக்க வழி இருக்குன்னு சுகுணா மிஸ் சொல்லிட்டாங்க. சுகுணா மிஸ்ஸுதான் பி.டி. டீச்சரு. அந்தக் காலத்துல அவங்களும் கபடி ஆடினவங்க, இப்பவும் ஒரு காலு லேசா சாச்சித்தான் நடப்பாங்க. கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். அத முன்னாடியே சொல்லிடறேன்.

இதுல ஒரு கணக்கு இருக்கு. இவ வயசுப் பிள்ளைங்க அம்பத்தஞ்சு கிலோவுக்குள்ள இருக்கணும். மேட்ச் அன்னிக்குக் காலைல மெஷின்ல ஏத்தி எடை பாப்பாங்க. கூட இருந்தா ஆட முடியாது. நம்ம சுவேதா அம்பத்தெட்டுக்குப் பக்கத்துல நின்னா. எல்லாம் நான் போட்ட ராகிக் களியும் கடலச் சட்னியும். வெளையாடற பிள்ளைக்குத் தெம்பு வேணுமேன்னு உருண்ட உருண்டயா உருட்டிப் போட்டேன். அது எடைல போயி உக்காந்துக்கும்னு எனக்கென்ன தெரியும்?

அதுலேருந்து சுவேதா சோத்தக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிட்டா. காலைல ரெண்டு வெள்ளரித் துண்டு, ராத்திரி அதுவும் இல்ல. கடைசி நாளு தண்ணியும் நின்னுபோச்சு. அவங்கப்பன் வண்டில போறப்ப போட்டுக்கற ரெயின்கோட்ட மாட்டிக்கிட்டு, உச்சி வெயில்ல மொட்டை மாடில ஓடறா. சூயிங்கத்த மென்னு மென்னு கவருல எச்சி துப்பறா. கேட்டா, "எச்சிலும் வெயிட்டுதான் ஆயா"ங்கறா.

அவங்கம்மா செல்போன் கம்பெனில வேல, விடியறதுக்குள்ள பஸ்ஸு வந்து ஏத்திக்கிட்டுப் போயிடும். என் மகன் முனிராஜ் பார்ட்ஸ் கம்பெனில சூப்பர்வைசரு. அவன் ஷிப்டு முடிஞ்சி வந்ததும் சொன்னேன், "ஏன்டா, பிள்ள உதடு வெடிச்சிக் கெடக்குது, நீ பாட்டுக்கு செல்ல நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கியே."

"விடும்மா. இப்படிக் கஷ்டப்பட்டாத்தான் மனசு கெட்டிப்படும். எங்க லைன்ல பாக்கறேனே, புதுசா வர்ற பசங்க ஒரு நைட் ஷிப்டு பாத்தா மறுநாள் ஆளக் காணோம். வெளையாட்டு ஆடின பசங்க மட்டுந்தான் நிக்கறாங்க. கபடி குணத்த வளக்கும்மா."

"பட்டினில நிக்கறதுக்குப் பேரு குணமாடா?"

"ஆயா, நீங்க பேசாதீங்க. பேசினா எனக்குப் பசிக்குது" அப்படின்னு உள்ளேருந்து சுவேதா கத்தறா. அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?

பொம்பளைப் பிள்ளைங்க வெளியூரு போறாங்க, வீட்டுக்கு ஒருத்தர் வந்தா நல்லதுன்னு மிஸ் சொல்லியிருந்தாங்க. வீட்ல வேலவெட்டி இல்லாதவ நான் ஒருத்திதானே. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஒசூர்ல வேன் ஏறினேன். கிருஷ்ணகிரில எறங்கினா அனலு. பிள்ளைங்க வேன்ல ஒரே பாட்டு, கூத்து. டீம் கேப்டன் மாதேஸ்வரி, எல்லாரும் மாதுன்னுதான் கூப்பிடுவாங்க, பெரிய வாயாடி. "ஆயா, நீங்களும் ஒரு ரெய்டு வாங்க. உங்க முட்டியப் பாத்தே எதிராளி பாவம்னு விட்டுடுவா"ன்னு என்னையும் இழுக்கறா. சுவேதா மட்டும் ஜன்னல்ல தலைய சாச்சிக்கிட்டுக் கண்ண மூடிக் கெடந்தா.

அவ பக்கத்துல ஜோதிமணின்னு ஒரு பொண்ணு. தொரப்பள்ளிக்காரி. அவங்கம்மா ரோஜாப்பூ பண்ணைல வேல செய்யுது. இந்தப் பொண்ணு டீமுல சேந்து ஆறு மாசங்கூட ஆவல. ரிசர்வு. சுவேதா ஆடலன்னாத்தான் இவளுக்கு எடம். அதுவரைக்கும் தண்ணி பாட்டில் பைய சொமக்கறது, துண்டு எடுத்துக் குடுக்கறது இவ வேல. அதிகம் பேச மாட்டா. கேட்டதுக்கு மட்டும் பதில்.

போனதும் எடை. சுவேதா மெஷின்ல ஏறினா. நான் எட்டிப் பாக்கறேன், அம்பத்தஞ்சுக்கு மேல அர கிலோ நிக்குது. சுகுணா மிஸ் மொகம் கறுத்துப்போச்சு. பத்து மணிக்குள்ள இன்னொரு தடவ ஏறலாம்னு மெஷின்கிட்ட உக்காந்திருந்தவரு சொன்னாரு.

"ரெயின்கோட்ட மாட்டு. கிரவுண்ட சுத்து. நடக்காத, ஓடு" அப்படின்னாங்க மிஸ். "ஜோதிமணி, நீ கூடவே ஓடு. மயக்கம் வந்தா கத்து. தண்ணி மட்டும் ஒரு சொட்டு குடுக்கக் கூடாது, புரியுதா?"

"சரிங்க மிஸ்."

"டீச்சரம்மா, பிள்ளைக்கு ஏதாவது ஆயிடப்போவுது"ன்னு நான் போயி நின்னேன். "ஒண்ணும் ஆவாது ஆயா. நானும் இப்படித்தான் ஓடினேன். அர கிலோதான். மெஷின்ல ஏறி எறங்கினதும் நீங்களே வயிறு முட்ட ஊட்டுங்க"ன்னு என் தோளத் தொட்டுச் சொன்னாங்க. சொல்லிட்டுத் திரும்பத் திரும்ப மணியப் பாத்தாங்க. அதப் பாத்ததும் எனக்கு இன்னும் பயமாப்போச்சு.

ரெண்டு பேரும் ஓடறாங்க. நான் படிக்கட்டுல நெழலாப் பாத்து உக்காந்து கண்ணெடுக்காம பாக்கறேன். நீலக் கலரு ரெயின்கோட்டு ஒண்ணு, பின்னாடி பைய மாட்டிக்கிட்டு ஜோதிமணி. ஒரு சுத்து வருவாங்க, கட்டடத்துக்குப் பின்னாடி மறைவாங்க, திரும்ப அந்தப் பக்கம் வருவாங்க. ஒவ்வொரு தடவ மறையறப்பவும் எனக்கு மூச்சு நின்னுபோவுது. ஒரு தடவ மறைஞ்சவங்க ரொம்ப நேரம் வரல. எழுந்து நிக்கறேன், முட்டி ஒத்துழைக்கல. அப்புறம் வந்தாங்க, ஓடல, நடந்து வந்தாங்க. ஜோதிமணி இவ இடுப்பப் புடிச்சிக்கிட்டு வர்றா.

மறுபடி மெஷின். எடை கொறையல. முன்ன இருந்ததுக்குக் கூட நிக்குது.

சுகுணா மிஸ் மெஷினப் பாத்தாங்க, சுவேதாவப் பாத்தாங்க. ரெயின்கோட்டு காலரு நனைஞ்சி, தாவாக்கட்டைல தண்ணி ஒழுவுது. வேர்வ இல்ல அது, குடிச்ச தண்ணி. பச்சப்பிள்ள பாத்தாக்கூட சொல்லிடும்.

"யாருடி தண்ணி குடுத்தது?"

சுவேதா தரையப் பாக்கறா.

"கேக்கறேன்ல. யாரு குடுத்தது?"

"நான்தான் மிஸ்" அப்படின்னா ஜோதிமணி. பைய இறுக்கிப் புடிச்சிக்கிட்டு, தலையத் தூக்கித்தான் சொன்னா.

மிஸ் கைய ஓங்கிட்டாங்க. அடிக்கல, அப்படியே எறக்கிட்டாங்க. அடிச்சிருந்தாக்கூட பரவால்ல. சொன்னாங்க பாருங்க ஒரு வார்த்த: "உனக்குத்தானேடி லாபம். அவ ஆடலன்னா நீதானே எறங்குவ. பாத்துப் பண்ணிட்டல்ல?"

சுத்தி நின்ன பிள்ளைங்க எல்லாம் ஜோதிமணிய ஒரு பார்வ பாத்தாங்க. மாது மெதுவா, ஆனா எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "வாடி தண்ணி லாரி"ன்னா. ரெண்டு பேரு சிரிச்சாங்க. ஜோதிமணி முழுக்கைச் சட்டைய இழுத்து மணிக்கட்ட மூடிக்கிட்டா. மூடறதுக்கு முன்னாடி நான் பாத்தேன், அங்க செவப்பா நாலு கோடு.

நான் சுவேதாவ இழுத்துக்கிட்டுப் படிக்கட்டுக்கு வந்தேன். எலுமிச்ச பிழிஞ்சி உப்பும் சக்கரையும் போட்டு கலக்கிக் கொண்டு வந்திருந்தேன், அதக் குடுத்தேன். மடக்கு மடக்குன்னு குடிச்சா. குடிச்சி முடிச்சி அழுவுவான்னு பாத்தேன். அழுவல. கீழ கோர்ட்டையே வெறிச்சிப் பாத்துக்கிட்டு இருந்தா.

மேட்ச்சு ஆரம்பிச்சிடுச்சு. எதிர்ல தளி பக்கத்து டீமு. சுவேதா நிக்கற கார்னர்ல ஜோதிமணி. அவ பக்கத்துல மாது. நான் சொன்னேனே, ரெண்டு பேரும் கை கோத்து நிக்கணும். ஜோதிமணி கைய நீட்டினா. மாது தன் கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டா.

முதல்ல எனக்குப் புரியல. வெளையாட்டுல ஏதோ தந்திரம்னு நெனச்சேன். அடுத்த ரெய்டுக்கும் அப்படித்தான். மத்த பிள்ளைங்க எல்லாம் ஜோடி ஜோடியா கை கோத்து நிக்கறாங்க, இந்தப் பொண்ணு மட்டும் ஓரத்துல ஒத்தையா. தளிக்காரிங்களுக்கு ஒரு கெட்டிக்கார ரெய்டரு. உயரமா, கொக்காட்டம் காலு. அவ ரெண்டே ரெய்டுல கண்டுபுடிச்சிட்டா. அதுக்கப்புறம் வந்தா நேரா அந்த ஓரத்துக்குத்தான் வர்றா. ஜோதிமணி பாயறா, அவ ஒதறிட்டு கோட்டத் தாண்டிப் போறா. பாயறா, ஒதறிட்டுப் போறா. தரைல இழுபட்டு முழங்கை ரெண்டும் தோலு உரிஞ்சிபோச்சு.

எம் பக்கத்துல ஒரு அம்மா உக்காந்திருந்தா. அந்த உயரமான பொண்ணோட அம்மாவாம். கன்னடத்துல கேக்கறா, "ஏனம்மா, ஆ ஹுடுகிகெ யாரூ கை கொடல்லா?" அந்தப் பிள்ளைக்கு ஏன் யாரும் கை குடுக்கலன்னு. அவ பொண்ணு டீமுதான் பாயிண்டு எடுக்குது, அவளுக்கே பொறுக்கல. நான் என்னன்னு சொல்ல? "கொத்தில்லம்மா", தெரியாதுன்னுட்டேன். ஆனா எனக்குத் தெரியும்.

சுகுணா மிஸ்ஸுக்குத் தெரியாதா? கோட்டுக்குப் பக்கத்துலயே நிக்கறாங்க. "கையக் கோத்து செயின் போடுங்கடி, செயின்!"னு ஒரு தடவ கத்தினாங்க. மாது காதுல வாங்கல. அவங்களும் அதுக்கு மேல கத்தல.

பாதி ஆட்டத்துக்கு நம்ம டீமு எட்டு பாயிண்டு கீழ. விசில் அடிச்சி தண்ணி குடிக்க விட்டாங்க. பாட்டில் பைய ஜோதிமணிதான் எடுத்துக்கிட்டு வந்து நீட்டறா. ஒருத்தியும் அவ கையால வாங்கல. தரைல வெச்சிட்டு அந்தாண்ட போனப்புறம்தான் குனிஞ்சி எடுத்தாங்க.

எனக்கு மனசு கேக்கல. சுவேதாகிட்ட, "ஏங்கண்ணு, அந்தப் பிள்ள கைல யாரோ பொறாண்டின மாதிரி இருந்துச்சே, கீழ எங்கயாவது விழுந்தாளா?"ன்னு கேட்டேன். கள்ளங்கபடம் இல்லாமத்தான் கேட்டேன்.

சுவேதா என்னைப் பாத்தா.

"நான்தான் ஆயா."

"என்னது நீதான்?"

"அவ குடுக்கல. நான் கேட்டேன், அவ மாட்டேன்னா. 'இன்னும் ரெண்டு சுத்துதான்டி, மெஷின்ல ஏறிட்டுக் குடி'ன்னு சொன்னா. பைய முதுகுக்குப் பின்னாடி மறைச்சிக்கிட்டா. நான் புடுங்கினேன். அவ விடல. நகத்தால கீறிட்டேன் ஆயா. கீறிப் புடுங்கிக் குடிச்சேன். அவ அழுதுட்டா. 'உன் எடம் போயிடும்டி'ன்னு சொல்லி அழுதா."

போயி சொல்லுன்னோ, சொல்லாதன்னோ, எனக்கு எதுவும் வாயில வரல. அந்தப் பிள்ள என்னைப் பாத்துக்கிட்டே இருக்கறா, நான் என்னமோ சொல்லுவேன்னு. கன்னடக்கார அம்மா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்கறா.

சுவேதா எழுந்தா. படிக்கட்டுல எறங்கறப்ப கால் பின்னுது, பட்டினி கெடந்த காலு. நேரா மிஸ்கிட்ட போனா. நானும் கம்பியப் புடிச்சிக்கிட்டு பின்னாடியே எறங்கினேன்.

"மிஸ், ஜோதிமணி குடுக்கல. நான்தான் புடுங்கிக் குடிச்சேன்."

மிஸ் அவள மேலயும் கீழயும் பாத்தாங்க. கோவமும் இல்ல, ஆச்சரியமும் இல்ல. "சரி. மேட்ச்சு முடியட்டும். இப்ப இதச் சொல்லி டீமக் கலைக்காத. போயி உக்காரு."

"மிஸ், அவங்க கை குடுக்கவே மாட்டேங்கறாங்க மிஸ்."

"உக்காருன்னு சொன்னேன்."

அவ உக்காரல. திரும்பி பிள்ளைங்களப் பாத்து, தொண்டையே கிழியற மாதிரி கத்தினா. "ஏய் மாது! நான்தான்டி புடுங்கிக் குடிச்சேன்! அவ குடுக்கல! கைய பாருடி அவ கைய, நான் கீறினது!"

ரெப்ரீகூட திரும்பிப் பாத்தாரு. மாது வாயில வெச்ச பாட்டில எடுத்துட்டு, "அப்ப அங்க ஏன்டி ஊமையாட்டம் நின்ன?"ன்னு கேட்டா.

"பயந்துட்டேன்டி."

"எதுக்கு?"

"நீங்க என்னைத் தண்ணி லாரின்னு சொல்லுவீங்கன்னு."

யாரும் சிரிக்கல. விசில் அடிச்சிட்டாங்க.

பிள்ளைங்க எடத்துக்குப் போனாங்க. மாது ஜோதிமணி பக்கம் போயி கைய நீட்டினா. நல்லா நீட்டினா, வெரல எல்லாம் விரிச்சி. நான் கம்பிக்கு இந்தாண்ட நின்னு பாக்கறேன். சாமி, புடிச்சிக்கடின்னு மனசுக்குள்ள கத்தறேன்.

ஜோதிமணி அந்தக் கையப் பாத்தா. "வேணாம்"னா. "இவ்ளோ நேரம் ஒத்தையாத்தானே நின்னேன். மிச்சத்தையும் நின்னுக்கறேன்."

"ஏய், டீமுக்காகடி."

"எது டீமு?"

அவ்ளோதான் பேசினா. எதிர் ரெய்டரு வந்துட்டா.

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு ஆடின ஆட்டம் இருக்கே! அந்தக் கொக்குக்காலுக்காரி உள்ள வர்றா, இவ தரையோட தரையாப் படுத்து பாஞ்சி கணுக்காலக் கவ்வறா. அவ இழுத்துக்கிட்டுப் போறா, இவ விடல, கோடு வரைக்கும் தரைல தேஞ்சிக்கிட்டே போயி புடிச்சி நிறுத்தினா. ஒத்த ஆளு. மறுபடியும் அப்படி. கன்னடக்கார அம்மா தன் பொண்ணு மாட்டினத மறந்துட்டு கை தட்டறா. எட்டு பாயிண்டு ஆறாச்சு, மூணாச்சு, ஒண்ணாச்சு. மாது ஒவ்வொரு தடவையும் கைய நீட்டறா. ஜோதிமணி ஒரு தடவகூட வாங்கல.

கடைசி ரெய்டு. நம்மாளுங்க ஒரு பாயிண்டு கீழ. அந்த உயரமான பொண்ணு வர்றா. இவளப் புடிச்சிட்டா சமம். அவ போனஸ் கோட்டுக்குக் காலத் தூக்கறா, ஜோதிமணி பாஞ்சா. கொஞ்சம் முன்னாடியே பாஞ்சிட்டா. பக்கத்துல ஒரு கை இருந்திருந்தா அந்த ஒரு நொடி இழுத்துப் புடிச்சி நிறுத்தியிருக்கும். அந்தக் கை இல்ல. அவ இவ தலைக்கு மேல தாண்டிக் குதிச்சி நடுக்கோட்டத் தொட்டுட்டா. தோத்துப்போச்சு.

ஒருத்தியும் அழுவல. அழறதுக்கு யாருக்கும் உரிம இல்லாத மாதிரி நின்னாங்க.

மேட்ச்செல்லாம் முடிஞ்சி பரமசிவம் சாருன்னு ஒருத்தர் பேரு படிச்சாரு. அவருதான் மாவட்ட டீமுக்கு ஆளெடுக்கறவரு. நம்ம ஸ்கூல்ல மாது பேர மட்டும் படிச்சாரு. அப்புறம் அவராவே ஜோதிமணியக் கூப்பிட்டாரு.

"நீ நல்லா புடிக்கறம்மா. இந்த வயசுல இப்படி ஒரு புடி நான் பாத்ததில்ல. ஆனா உனக்குக் கை சேத்து ஆட வரல. பக்கத்துல இருக்கறவ கைய நீட்டறா, நீ வாங்கவே மாட்டேங்கற. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். மாவட்ட டீமுக்கு அது ஒத்துவராது. அடுத்த வருஷம் பாப்போம்."

அவரு பாதி ஆட்டத்துக்கு அப்புறம்தான் இந்தக் கோர்ட்டுக்கு வந்தாரு போல. முன்ன நடந்தத அவரு பாக்கல.

ஜோதிமணி "சரிங்க சார்"னு திரும்பினா. சுவேதா குறுக்க போயி நின்னுட்டா. "சார், முதல்ல அவங்கதான் சார் கை குடுக்கல. நான் பண்ணின தப்புக்கு அவங்க இவள ஒதுக்கிட்டாங்க சார். நீங்க மிஸ்கிட்ட கேளுங்க."

அவரு சுகுணா மிஸ்ஸப் பாத்தாரு. "என்ன டீச்சர், என்ன விஷயம்?"

நான் மிஸ் மொகத்தையே பாக்கறேன். மாது பாக்கறா. எல்லாப் பிள்ளைங்களும் பாக்கறாங்க. ஜோதிமணி பாக்கல, ஷூ லேஸ அவுத்துக்கிட்டு இருந்தா.

மிஸ் லேசா சிரிச்ச மாதிரி, "சின்னப் பிள்ளைங்க சண்ட சார். விடுங்க"ன்னாங்க.

"ஐயா, அப்படி இல்லீங்கய்யா"ன்னு நான் வாயத் தொறந்தேன். "பேரண்ட்ஸ் எல்லாம் கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்கம்மா"ன்னுட்டு அவரு அடுத்த கோர்ட்டுக்குப் போயிட்டாரு.

வேன் ஏறறதுக்கு முன்னாடி மிஸ் எங்கிட்ட வந்தாங்க. நான் கேக்கவே இல்ல, அவங்களாவே சொன்னாங்க. "ஆயா, நான் ஆமான்னு சொல்லியிருந்தா, பிள்ளையத் தண்ணியில்லாம ஓட வெச்சது யாருன்னு கேப்பாங்க. விஷயம் மேல போவும். அடுத்த வருஷம் எந்த வீட்லயும் பொண்ணுங்கள கபடிக்கு அனுப்ப மாட்டாங்க. இந்த டீமச் சேக்க நான் எத்தன வீட்டு வாசல்ல நின்னிருக்கேன் தெரியுமா?" கண்ணு கலங்கியிருந்துச்சு. அவங்க சொல்றதும் பொய்யில்ல. ஆனா அந்தப் பொண்ணு எடம் போனதும் பொய்யில்லையே. நான் தலைய ஆட்டிட்டு வேன்ல ஏறிட்டேன். வழி முழுக்க ஒரு பாட்டு இல்ல, ஒரு கூத்து இல்ல.

வீட்டுக்கு வந்து முனிராஜ்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவன் சுவேதாவத் தட்டிக் குடுத்துட்டு, "பாத்தியாம்மா, கடைசில எல்லாரு முன்னாடியும் உண்மையச் சொன்னாளே. அதுதான் வெளையாட்டு கத்துக் குடுக்கறது"ங்கறான்.

"முதல்ல வாய மூடி நிக்க வெச்சது எதுடா? அதே வெளையாட்டுதானே?"

"அது பயம்மா."

"சரி, அந்த ஜோதிமணி ஆறு மாசமாத்தான் ஆடறா. அந்த டீச்சரு முப்பது வருஷமா கபடியிலயே இருக்காங்க. ரெண்டு பேருல யாருக்குடா குணம் வளந்திருக்கு?"

அவன் சோறு போடும்மான்னான். போட்டேன். சுவேதா அன்னிக்கு சாப்பிட்டா பாருங்க, மூணு உருண்ட களி. சாப்பிட்டுக்கிட்டே அழுதா. இவ இனிமே எடை கொறைக்க மாட்டேன்னு சொல்லிட்டா, பெரிய பிள்ளைங்க டீமுல ஆடிக்கறாளாம். ஹாஸ்டலு பேச்ச நாங்களும் எடுக்கல.

ஜோதிமணி ஒரு வாரம் பிராக்டிஸுக்கு வரல. சுவேதா தெனமும் சாயந்திரம் சைக்கிள எடுத்துக்கிட்டு தொரப்பள்ளிக்குப் போவா. அவங்கம்மா வெளிய வந்து, "அவ இல்லியே கண்ணு"ன்னு சொல்லுமாம். உள்ள டிவி ஓடற சத்தம் கேக்குமாம். இவ திரும்பி வந்துடுவா. மறுநாளும் போவா.

நேத்து வந்துட்டா ஜோதிமணி. நான் சுவேதாவக் கூப்பிடப் போயிருந்தப்ப பாத்தேன். மிஸ் ஏதோ சொல்ல வந்தாங்க, இவ "குட் ஈவினிங் மிஸ்"னு மட்டும் சொல்லிட்டு நேரா கோர்ட்டுக்குள்ள போயிட்டா. இப்ப அவ கார்னரு. பிராக்டிஸு எல்லாருக்கும் ஒண்ணாத்தான், பக்கத்துல சுவேதாவ நிக்க வெச்சிருக்காங்க. விசில் அடிச்சதும் ஜோதிமணி கைய நீட்டினா, சுவேதா புடிச்சிக்கிட்டா. ரெண்டு பேரும் சேந்து பாஞ்சாங்க, ஒருத்திய அமுக்கினாங்க, நல்லாத்தான் ஆடினாங்க. ஆட்டம் முடிஞ்சி விசில் அடிச்சதும் ஜோதிமணி கைய உருவிக்கிட்டா. சுவேதா பேரச் சொல்லிக் கூப்பிடறா, அவ பாட்டில் எடுத்துக் குடிச்சிட்டு கேட்டுப் பக்கம் நடக்கறா. மறுபடியும் விசில் அடிச்சா வந்து கைய நீட்டறா. ஒரு வார்த்த பேச்சு இல்ல.

எனக்கு இதுல எது நல்லது எது கெட்டதுன்னு பிரிக்கத் தெரியல. மாது நீட்டின கைய அவ வாங்காதது ரோஷமா, பிடிவாதமா? இப்ப வந்து கை குடுக்கறாளே, அது மன்னிச்சதா, இல்ல வெறும் ஆட்டமா? சுவேதாவுக்கு ராத்திரில தூக்கம் இல்ல, பொரண்டு பொரண்டு படுக்கறா.

உங்க வீட்டுப் பிள்ளைங்களும் ஓட்டப்பந்தயம், வாலிபால், கிரிக்கெட்டுன்னு ஏதாவது ஆடிக்கிட்டுத்தானே இருப்பாங்க. ஆடி ஆடி அவங்க நல்லா ஆனாங்களா, கெட்டுப் போனாங்களா, இல்ல எப்படி இருந்தாங்களோ அப்படியேதான் இருக்காங்களா? நீங்க ஸ்கூல்ல ஆடினப்ப உங்களுக்கு என்ன நடந்துச்சு? கைய உருவிக்கிட்டவங்க மறுபடியும் பேசினாங்களா, அதுக்கு எத்தன நாளாச்சு? நடந்தத நடந்தபடியே எழுதுங்க. சுவேதாவுக்குப் படிச்சிக் காட்டணும்.